வரிசைக்கு நான்கு பேர்

நாற்பத்தைந்து. வெள்ளத்தாய் மறுபடியும் முதல் பிள்ளையின் உச்சந்தலையில் விரலை வைத்துத் தொடங்கினாள். எண்ணெய் வைத்த தலை, வியர்த்த தலை, கடல் காற்றில் ரிப்பன் அவிழ்ந்த தலை, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய் முடித்தபோது அதே நாற்பத்தைந்துதான் வந்தது. கூடப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். விரல்தான் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. கன்னியாகுமரிப் படகுத்துறைக்குப் பக்கத்தில் மதில் நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. படகுக்கு டிக்கெட் எடுக்கும் இடத்தில் தலைமையாசிரியர் கோமதிநாயகம் பிள்ளைகள் நாற்பத்தாறு என்று சொல்ல, உள்ளே விடுகிறவர் எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்றார். அப்போதுதான் தெரிந்தது, ஆறாம் வகுப்பு மாரிக்கனி இல்லை. கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டதற்குக் கூட்டாளிப் பிள்ளைகள் மாத்தூர் தொட்டிப்பாலம் என்றன. அங்கிருந்து கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தலைமையாசிரியர் வாடகைக் கார் பிடித்து வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். இங்கே காவலுக்கு மிஞ்சியது இரண்டு பேர், தற்காலிக ஆசிரியை ஷெர்லினும் சத்துணவுச் சமையலர் வெள்ளத்தாயும். "எத்தனை தடவைதான் எண்ணுவீக ஆயா, தலை வலிக்கு" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் உச்சியைத் தேய்த்துக்கொண்டான். முப்பத்துநான்கு வருடமாக ஊர்வலங்களுக்கு ஆள் எண்ணியவள் அவள். ஆனால் இப்படித் தலையைத் தொட்டு எண்ணியது கிடையாது. அது போலீஸ்காரர்களின் எண்ணிக்கை. மறியல் செய்த பெண்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்துச் சாயங்காலம் விடும்போது வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணுவார்கள், பட்டியிலிருந்து ஆட்டை வெளியே விடுவதைப் போல. ஒரு தடவை ஏட்டையாவின் விரலைத் தட்டிவிட்டு, எங்களை ஆடு என்று நினைத்தீரா என்று கேட்டவள் இந்த வெள்ளத்தாய்தான். அன்றைக்கு மண்டபமே கைதட்டியது. அந்த ஏட்டையாவின் எண்ணிக்கை ஒரு நாளும் பிசகியதில்லை என்பது இப்போது ஏன் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

மாத்தூர்ப் பாலத்தின் உயரம் நூறடிக்கு மேல் என்று ஷெர்லின் அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். நூற்றுப் பதினைந்தோ என்னவோ. கைப்பிடிச் சுவர் மாரிக்கனிக்கு நெஞ்சு வரை வரும், எக்கிப் பார்த்தால் இடுப்பு வரை. கீழே பாறை, ரப்பர் மரங்கள், ஓரமாக ஓடும் ஆறு. ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று வெள்ளத்தாய் யோசித்தாள். தண்ணீர் அதிகம் இருந்தால் முங்கிப் போவாள், இல்லாவிட்டால் பாறையில் விழுவாள், இதில் எதை நல்லது என்று சொல்வது. சீ, என்ன நினைப்பு. பிள்ளை எங்கேயாவது கடை வாசலில் அழுதுகொண்டு நிற்கும். அழுகிற பிள்ளையிடம் யார் யாரோ வருவார்கள், உன் அம்மாவிடம் கூட்டிப்போகிறேன் வா என்பார்கள், வெள்ளை வேன் ஒன்று அங்கே நின்றதே, அதில் வந்தவர்கள் குடித்திருந்தார்களே. மாரிக்கனியின் அம்மா பீடி சுற்றுகிறவள், புருஷன் கேரளத்துக்குப் போனவன் போனவன்தான். நேற்றுச் சாயங்காலம் தட்டை மடியிலிருந்து இறக்காமலே அவள் சொன்னாள், "வாத்தியாரை நம்பி இல்லக்கா, நீங்க கூடப் போறீகன்னுதான் அனுப்புதேன்." அந்தப் பேச்சை மாலை மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவள்தானே. அவள் நம்பியதில் தப்பு என்ன இருக்கிறது. இந்த ஊரில் எவளுக்குக் கஷ்டம் வந்தாலும் முதலில் போய் நின்றது யார். நின்றது. நான் இங்கனயே நிக்கேன். நினைப்பு அந்த இடம் வரைக்கும் வரும், வந்ததும் காலில் முள் தைத்த மாதிரி நின்றுவிடும். பிறகு அதை விட்டு வேறு எங்காவது சுற்றும்.

சுற்றுவதற்கா இன்றைக்கு இடம் இல்லை. ஒரே நாளில் ஏழு இடங்கள் என்று தலைமையாசிரியர் நோட்டீஸ் போட்டிருந்தார். ஏழுக்கும் எண் கொடுத்து, கீழே தன் பெயரைப் பட்டத்தோடு போட்டு, பெற்றோருக்கு ஒரு வார்த்தை நன்றிகூட இல்லாமல். நோட்டீஸ் என்றால் என்ன என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. வெள்ளத்தாய்க்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரை. அதற்கு மேல் படித்ததெல்லாம் சத்துணவு ஊழியர் சங்கத்து நோட்டீஸில், மஞ்சள் தாளிலும் ரோஸ் தாளிலும், அடுப்பு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டி. சுரண்டல் என்ற சொல்லை அப்படித்தான் கற்றாள், அறைகூவலையும் அப்படித்தான். பிறகு அவளே எழுத ஆரம்பித்தாள். முதல் வரி கேள்வியாக இருக்க வேண்டும், கடைசி வரி கூப்பிட வேண்டும், நடுவில் பொய் இருக்கக் கூடாது. அவள் எழுதிய நோட்டீஸை மாவட்டத் தலைவர் மேடையில் தன் பேச்சாகவே பேசினார். அவர் இன்று காரில் போகிறார், வழியில் இவளைப் பார்த்தால் கண்ணாடியை இறக்குவதில்லை. போகட்டும். சுற்றுலாவுக்குப் பெண் பிள்ளைகளோடு துணைக்கு இன்னொரு பெண் வேண்டும் என்று இவளைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட விதத்திலேயே தெரியும், சோற்றுப் பொட்டலமும் கட்டியாகும், வாந்தியும் துடைத்தாகும். நாலு மணிக்குக் கிளம்பி, விடியும்போது நாகர்கோவில், ஒன்பதரைக்குப் பத்மநாபபுரம் அரண்மனை. மரத் தரை கண்ணாடியாக மின்னியது. வழிகாட்டி ஒரு பெரிய கூடத்தைக் காட்டி, இங்கே ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு போடுவார்கள் என்றார். பிள்ளைகள் வாயைப் பிளந்தன. வெள்ளத்தாய் கேட்டாள், ஆயிரம் பேருக்குச் சமைத்தவர்கள் எங்கே படுத்தார்கள், அவர்கள் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது என்று. வழிகாட்டி சிரித்தார். தலைமையாசிரியர் திரும்பி, "வெள்ளத்தாயம்மா, இது கண்டனக் கூட்டம் இல்ல. நடங்க" என்றார். பெரிய பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரித்தன. அந்தச் சிரிப்புதான். அந்தச் சிரிப்பு அரண்மனையிலிருந்தே அவளோடு பேருந்தில் ஏறிக்கொண்டது. இல்லாவிட்டால் மாத்தூரில் அப்படி நடந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. பழியைப் போட ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்றும் தோன்றுகிறது.

மாத்தூரில் பாலத்தில் போய்த் திரும்பியதும் பிள்ளைகள் சிதறிவிட்டன. ஒன்று நொங்குக் கடையில், ஒன்று அன்னாசிக் கடையில், நாலு பையன்கள் பாலத்துச் சுவரில் கல்லால் பெயர் கீறிக்கொண்டு. ஷெர்லினின் மெல்லிய குரல் அன்னாசிக் கடையைத் தாண்டவில்லை. தலைமையாசிரியர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேருந்துப் பக்கம் போய்விட்டார். வெள்ளத்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்று ஒரு சத்தம் கொடுத்தாள். அவ்வளவுதான், முப்பத்துநான்கு வருடக் குரல் எங்கும் போய்விடவில்லை. நான்கு நான்கு பேராக நில் என்றாள். நின்றன. ஊர்வலத்துக்கு எண்ணுவது அப்படித்தான், வரிசைக்கு நான்கு பேர், ஓரத்தில் நிற்பவளின் தோளை மட்டும் தொட்டுக்கொண்டே போனால் போதும், வரிசையை நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். ஆயிரம் பெண்களை அப்படி ஐந்து நிமிடத்தில் எண்ணியிருக்கிறாள். அப்போதுதான் மாரிக்கனி வரிசையை விட்டு வந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. ஆயா, ஒண்ணுக்கு வருது. போயிட்டு வா, நான் இங்கனயே நிக்கேன். அந்தப் பிள்ளை கழிப்பறைப் பக்கம் ஓடியதைப் பார்த்தாளா. பார்த்தாள். நீலப் பாவாடை, ஒரு பக்கம் தையல் பிரிந்து தொங்கியது, நேற்றே தைத்துக் கொடுத்திருக்கலாம். பார்த்தாள்தான். அதற்குள் ஒரு பையன், ஆயா ஆயா, ஊர்வலம்னா கோஷம் போடணும்லா என்றான். எல்லாப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன, போடுங்க ஆயா, போடுங்க ஆயா. எத்தனை வருடம் ஆயிற்று யாராவது அப்படிக் கேட்டு. வேண்டும் வேண்டும் என்றாள் மெதுவாக, விளையாட்டுக்கு. ஐஸ்கிரீம் வேண்டும் என்று அலறின பிள்ளைகள். தொண்டைக்குள் எதுவோ திறந்துகொண்டது. வீட்டுப்பாடம் வேண்டாம் வேண்டாம், முட்டை வேண்டும் தினமும் வேண்டும். முன்னால் நின்று பின்பக்கமாக நடந்துகொண்டே கையை வீசி வீசிக் கொடுத்தாள், கோஷம் கொடுப்பவள் அப்படித்தான் நடப்பாள், முகம் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வேனில் வந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். காலையில் சிரித்த அதே பெரிய பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தின. பேருந்து வாசலில் நின்று ஓரத்துத் தோள்களைத் தொட்டு எண்ணினாள். பதினொரு வரிசை, கடைசியில் இரண்டு, நாற்பத்தாறு. மூன்றாவது வரிசையில் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. மாரிக்கனி வந்துவிடுவாள் என்று கூட்டாளிகள் இடம் விட்டே நடந்து வந்திருக்கின்றன. அது கண்ணில் படத்தான் செய்தது. வரிசை கொஞ்சம் நெளிந்திருக்கிறது என்று நினைத்தாள். ஊர்வலத்தில் அப்படி எத்தனை இடைவெளி விழும், அதையெல்லாமா பார்ப்பார்கள், எண்ணிக்கை நோட்டீஸில் போடுவதற்குத்தானே, கூடினால் நல்லதுதானே.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. பேருந்துக்குள் ஷெர்லின் தாளை விரித்துப் பெயர் வாசிக்க ஆரம்பித்தாள். ஆறாவது பெயரோ ஏழாவது பெயரோ வரைக்கும்தான் வந்திருப்பாள். கோஷம் போட்ட பிள்ளைகள் அடங்கவில்லை, உள்ளே ஒரே கூச்சல். டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டு, படகு நாலு மணிக்கு நின்றுவிடும் என்று கத்தினார். "எண்ணியாச்சு டீச்சர், நாப்பத்தாறும் இருக்கு. நான் எண்ணினா தப்பாது, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்று பின் இருக்கையிலிருந்து சொன்னது வெள்ளத்தாய். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மீதிப் பெயர்களுக்கெல்லாம் வரிசையாக டிக் அடித்தாள். வாந்தி எடுக்கும் பிள்ளை என்பதால் மாரிக்கனி டிரைவர் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள், கூட்டாளிகளோடு பின்னால் இருப்பாள் என்று முன்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள். பிறகு தக்கலை தாண்டி ஒரு தோப்பில் சாப்பாடு. இங்கேதான், யாரிடமும் சொல்லமுடியாத இடம் இங்கேதான். சமையல்கட்டில் அவள் கணக்கு ஒரு நாளும் பிசகியதில்லை, முட்டைகூட மிஞ்சாது. ஐம்பது பொட்டலம் கட்டினாள், பிள்ளைகளுக்கு நாற்பத்தாறு, பெரியவர்களுக்கு நான்கு. ஒன்று மிஞ்சியது. எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம், வாழையிலையும் தாளும் சுற்றி, கூடையின் அடியில் தனியாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். ஒரு நிமிடமா, அதற்கும் மேலா. ஏதோ ஒன்று உள்ளே தட்டியது, சின்னக் கை கதவைத் தட்டுவது மாதிரி. எவனோ சாப்பிடாமல் ஏமாற்றிவிட்டான் என்று சத்தமாகவே சொன்னாள். டிரைவர், எனக்குக் கொடுங்கம்மா என்று கை நீட்டினார். கொடுத்துவிட்டாள். அவர் தின்று முடித்து இலையை எறியும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே திருப்பியிருந்தால் பிள்ளை அரை மணி நேரத்தில் கிடைத்திருக்கும். தெரிந்திருந்தது என்று சொல்லமுடியாது. தெரியாது என்றும் சொல்லமுடியவில்லை.

ஷெர்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயது, நாசரேத்துப் பக்கம், தகுதித் தேர்வு எழுதித் தேறி ஐந்து வருடமாகக் காத்திருக்கிறவள். பள்ளி மேலாண்மைக் குழு வைத்துக்கொண்ட வேலை இது, ஜூன் மாதம் வந்தால் வைத்துக்கொள்வதும் அனுப்பிவிடுவதும் அவர்கள் இஷ்டம். உதடு வெளுத்துப் போய், கையிலிருந்த பெயர்த் தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவு ஆக்கியிருந்தாள். கடலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நீங்க எண்ணிட்டேன்னு சொன்னீங்கல்ல." வெள்ளத்தாய் இல்லை என்று சொல்லவில்லை. "சொன்னேன். சார் வரட்டும், நான் பேசுதேன். நீ பயப்படாத." அந்தப் பெண்ணின் தோள் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்க இருக்கிறதுனால எனக்குத் தைரியமா இருக்கும்மா என்றாள். இந்த வார்த்தையை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிமிரும். இப்போதும் நிமிர்ந்தது, வெட்கம் கெட்ட நெஞ்சு. பிள்ளைகள் தூரத்துப் பாறையையும் அதற்குப் போகிற படகுகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. ஏழில் ஆறு பார்த்தாயிற்றா, இல்லை ஐந்தா. இன்றைக்கு யாரும் படகில் ஏறப்போவதில்லை என்று அவற்றுக்குப் புரிந்துவிட்டது. மாரிக்கனியின் கூட்டாளி ஒன்று மட்டும் விசும்பிக்கொண்டே இருந்தது. நாங்க இடம் விட்டுத்தான் நின்னோம் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

நாலேகாலுக்குப் போன் வந்தது. ஷெர்லின் அவசரத்தில் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாள். "பிள்ளை கிடைச்சிட்டா. நொங்குக் கடைக்கார அம்மா உக்கார வச்சுச் சோறு குடுத்திருக்கா" என்றார் தலைமையாசிரியர். பிள்ளைகள் எல்லாம் ஹோ என்று எழுந்து குதித்தன. வெள்ளத்தாய் மதிலைப் பிடித்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாள். பாறையில்லை, வேன் இல்லை, ஆறு இல்லை. கடைசியாக எப்போது எந்தச் சாமியைக் கும்பிட்டாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை, இப்போது கை தன்னால் நெஞ்சுக்கு வந்தது. ஆனால் போன் நிற்கவில்லை. பிள்ளைக்குத் தாய்மாமன் போன் நம்பர் மனப்பாடமாம், அவருக்குப் போட்டிருக்கிறார்கள், அவர் வட்டாரக் கல்வி அலுவலர் வரைக்கும் போய்விட்டாராம். "பேர் வாசிச்சது நீங்கதானே டீச்சர்? டிக் அடிச்ச தாள் உங்ககிட்டதானே இருக்கு? அதைப் பத்திரமா வைங்க. நான் வந்து இறங்கும்போது எழுத்துல விளக்கம் வேணும்." ஷெர்லின் வெள்ளத்தாயைப் பார்த்தாள். தாள் உள்ளங்கையில் கசங்கிக்கொண்டிருந்தது. சரி சார் என்றாள். பயம் போன இடத்தில் உடனே வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது, இடம் காலியாகக் காத்திருந்த மாதிரி. இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு. விசாரணை நிலுவையில் இருந்தால் ஓய்வு ஆணை வராது, எத்தனையோ பேருக்கு இவளே மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள், அதில் இழுத்தடிக்கும் வழிகள் எல்லாம் இவளுக்கு மனப்பாடம். ஏற்கனவே வேலைநிறுத்தத்துக்கு மூன்று குற்றச்சாட்டு, மூன்றிலும் மன்னிப்புக் கேட்கவில்லை, மூன்றும் கோப்பில் உயிரோடு இருக்கின்றன. கோமதிநாயகம் இதற்காகவே காத்திருக்கிறார். போராட்டக்காரி பிள்ளையைத் தொலைத்துவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்வார். அது இவள் ஒருத்திக்கு மட்டுமா அவமானம். சங்கத்துக்கு அவமானம், அத்தனை சமையல் பெண்களுக்கும் அவமானம். அவர்களுக்காகவாவது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கலாம். இந்த நியாயம் எவ்வளவு சீக்கிரம் வந்து நிற்கிறது, கூப்பிடாமலே.

தங்கபுஷ்பத்தை நினைத்துத் தொலைத்தாள். இருபது வருடத்துக்கு முந்தைய சமையலர் வேலைநிறுத்தம். பதினாறாம் நாள் தங்கபுஷ்பம் தனியாகப் போய் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் கிடந்தது, வேறு வழி தெரியவில்லை என்று அழுதாள். அப்போது வழக்கம் ஒன்று இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களின் பெயரைக் கறுப்புக் கோட்டுக்குள் போட்டு நோட்டீஸ் அடித்து, ஊர் ஊராகக் கொடுப்பது. அந்த நோட்டீஸை எழுதியது வெள்ளத்தாய். முதல் வரி கேள்வி, தாய்ப்பாலில் தண்ணீர் கலந்தவள் யார். எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய் என்று எல்லாரும் பாராட்டினார்கள். தங்கபுஷ்பத்தின் மகள் சடங்குக்கு ஒருத்தியும் போகவில்லை, பந்தலில் பாய் விரித்தது விரித்தபடி கிடந்தது. அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போனது. அதற்குப் பிறகு தகவல் இல்லை. எழுதியது பொய் இல்லை, அவள் கையெழுத்துப் போட்டது உண்மை. ஆனால் காமாலையை நோட்டீஸில் எழுதவில்லையே. இடம் இல்லை என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டாள். பின்பக்கம் முழுவதும் வெறும் தாளாகத்தான் இருந்தது. இப்போது நாற்பத்தைந்து பிள்ளைகளும் ஒரே சமயத்தில் பசிக்கிறது என்றன. கடைசிக் கூடையிலிருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தாள், எண்ணிக் கொடுத்தாள். கடல் நிறம் மாறிக்கொண்டிருந்தது. சொல்லிவிட வேண்டியதுதான். ஒரு வாக்கியம்தானே. எண்ணினது நான், நிக்கேன்னு சொல்லிட்டு நிக்காமப் போனதும் நான். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள், அடுத்த வாக்கியம் தன்னால் முளைத்தது, ஆனாலும் மூன்று பேரை வைத்து நாற்பத்தாறு பிள்ளைகளை ஏழு இடம் இழுத்தடித்தது யார். அதற்கடுத்ததும் முளைத்தது. முதல் வாக்கியம் எங்கோ அடியில் போய்விட்டது.

ஐந்தே முக்காலுக்குக் கார் வந்து நின்றது. மாரிக்கனி இறங்கினாள். அழவில்லை, கையில் ஒரு நொங்கு வண்டி, குச்சியில் தின்று போட்ட இரண்டு நொங்குக் கூந்தலைச் செருகி யாரோ செய்து கொடுத்தது. பிள்ளைகள் மொய்த்துக்கொண்டன. தலைமையாசிரியரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்னால் வெள்ளத்தாய் முன்னே போய் நின்றாள். பேசினாள். நாற்பத்தாறு பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் என்று எந்த விதியில் இருக்கிறது என்றாள். ஏழு இடம் என்று நோட்டீஸ் போட்டவர் ஒரு இடத்திலாவது பிள்ளைகள் பக்கத்தில் நின்றாரா, மாத்தூரில் யாரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார், தற்காலிக டீச்சர் என்றால் தலையில் எதையும் கட்டலாமா, இதற்காக எவளாவது பலியானால் நாங்கள் சும்மா இருக்கமாட்டோம். குரல் ஏறியது. கடற்கரைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு வார்த்தையிலும் பொய் இல்லை. ஷெர்லின் கண் விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் முதலில் கறுத்தார், பிறகு களைத்துப் போய் நெற்றியைத் துடைத்தார். "எல்லாம் சரிதான். எண்ணினது யாரும்மா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். வெள்ளத்தாய் ஷெர்லினைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கடலைப் பார்த்தாள். "இப்ப அதுவா சார் பிரச்சினை" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, டீச்சர், பஸ்ல உக்காந்து எழுதுங்க, ஊர் போய்ச் சேரும் முன்னால் அலுவலருக்குப் படம் எடுத்து அனுப்பணும் என்றார். அதற்கப்புறம் பிள்ளைகளைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தி, சூரியன் மறைவதைப் பார்க்கச் சொன்னார். நோட்டீஸில் ஏழாவது அதுதான். மேகமாக இருந்தது. பிள்ளைகள் மேகத்தைப் பார்த்தன.

பேருந்து கிளம்பும் முன்னால் தலைமையாசிரியரே உள்ளே ஏறி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். நாற்பத்தாறு. மாரிக்கனி முன்னால் போய் உட்காரவில்லை, பின்னால் வந்து வெள்ளத்தாய்க்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூட்டாளிகளிடம் வாங்கிய முறுக்கை மென்றுகொண்டே, சாதாரணமாக, "திரும்பி வந்து பாத்தேன் ஆயா, நீங்க இல்ல" என்றாள். அதில் குற்றம் சொல்வது ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல். வெள்ளத்தாய் அவள் பாவாடையின் பிரிந்த தையலைக் கையால் நீவிவிட்டாள், நீவினால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல. பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. காரில் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியர் போனிலேயே இருந்திருப்பார். எந்த விசாரணையில் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கமாட்டார்கள். இரண்டு நினைப்பும் மாறி மாறி வந்தன, இரண்டாவது வரும்போது மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

ஷெர்லின் எதிர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். பெறுநர், அனுப்புநர் எழுதிவிட்டாள், அதற்கு மேல் ஓடவில்லை. அவள் முகத்தில் கோபத்தைத் தேடினாள் வெள்ளத்தாய். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபத்துக்குப் பதில் சொல்லிப் பழக்கம் உண்டு. அந்த முகத்தில் களைப்பு மட்டும் இருந்தது, ஒரு ஆளைப் பற்றி எதையோ தெரிந்துகொண்டு அதை மடித்து உள்ளே வைத்துவிட்ட களைப்பு. "இந்த மாதிரி எழுதிப் பழக்கம் இல்லம்மா. நீங்க எழுதுவீங்கல்ல, சொல்லுங்க" என்றாள். வெள்ளத்தாய் தன் ஆயுளில் மன்னிப்புக் கடிதம் எழுதியது இல்லை. ஆனால் எப்படி எழுதுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வார்த்தைகள் தயாராக நின்றன. மேற்படி சுற்றுலாவில் மாத்தூர் என்ற இடத்தில் மாணவர்களைத் தலை எண்ணாமல் வரிசைக்கு நான்கு பேர் என்ற கணக்கில் எண்ணிவிட்டேன் என்று சொன்னாள். ஷெர்லின் எழுதினாள். மூன்றாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்ததைக் கண்டும் கவனம் செலுத்தவில்லை. எழுதினாள். உணவு வழங்கும்போது ஒரு பொட்டலம் மீதமானதையும் விசாரிக்கத் தவறிவிட்டேன். பேனா ஒரு கணம் நின்றது. ஷெர்லின் நிமிர்ந்து பார்த்தாள், பொட்டலச் செய்தி அவளுக்குப் புதிது. பிறகு அதையும் எழுதினாள். சொல்லச் சொல்ல வெள்ளத்தாய்க்கு நெஞ்சு இறங்கிக்கொண்டே வந்தது, காய்ச்சல் வியர்த்து விடுவதைப் போல. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் எழுதியதிலேயே சுத்தமான எழுத்து இதுதான் என்று தோன்றியது. கீழே போடப்போகிற கையெழுத்து வேறு ஒருத்தியுடையது. பேருந்து நாகர்கோவில் ரோட்டில் திரும்பியது. ஷெர்லின் எழுதியதை ஒரு தடவை படித்துவிட்டு, மாரிக்கனியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பிள்ளை யாருகிட்டயாவது சொல்லிட்டுப் போனாளா, சொல்லாமப் போனாளான்னு கேப்பாங்களேம்மா. என்ன எழுத?" வெளியே விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து பிள்ளையின் முகத்தில் பட்டுப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. "சொல்லாமப் போனான்னு எழுதிக்க" என்றாள் வெள்ளத்தாய். பக்கத்தில் முறுக்கு மெல்லும் சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது, முன்பைவிட மெதுவாக.